கழுத்திலிருந்து கீழாகப் பின்னும் ஸ்வெட்டர்: உங்கள் உடல் அளவுக்கே அமைக்கலாம்

பத்மநாபபுரத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கோட்டைப் பகுதியிலும் தக்கலையிலும் மார்கழிப் பனிக்குக்கூட ஒரு துண்டைப் போர்த்தினால் போதும். ஆனால் திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியலுக்கு முன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். மார்கழி, தை மாதங்களில் மலையடிவாரத்து ஈரக் காற்று நெஞ்சில் தாக்கும். இதைத் தவிர, உதகையிலும் மூணாற்றிலும் வேலை பார்க்கும் மகனோ, வடநாட்டில் படையில் பணிபுரியும் தம்பியோ இல்லாத குடும்பம் இம்மாவட்டத்தில் குறைவு. எனவே வீட்டுக்கு ஒரு ஸ்வெட்டராவது தேவைப்படத்தான் செய்கிறது.

கடையில் வாங்கும் ஸ்வெட்டர் மூன்று நான்கு அளவுகளில்தான் கிடைக்கும். மார்புக்குச் சரியாக இருந்தால் கை நீளும். கைக்குச் சரியாக இருந்தால் வயிறு பிடிக்கும். பிள்ளைகளுக்கு வாங்கினால் அடுத்த ஆண்டே இடுப்புக்கு மேலே ஏறிவிடும். இக்குறைகள் இல்லாமல், அணிபவரின் உடலையே அளவுகோலாகக் கொண்டு, ‘வி’ கழுத்து ஸ்வெட்டர் ஒன்றைக் கையால் பின்னும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நம் மண்ணின் கைத்திறன்

ஊசியும் நூலும் இம்மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. அன்று அடிமைகளாக இருந்த குடும்பங்களின் பெண்கள் சிலர் இந்த வேலையில் கிடைத்த கூலியைக் கொண்டே தங்கள் விடுதலையை வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கூலியின் மதிப்பு விளங்கும். பின்னாளில் பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள முளகுமூட்டிலும் கன்னியர் மடத்தின் பின்னல் வேலை பெயர் பெற்றது.

லேஸ் வேலையில் வேறொருவர் வரைந்து கொடுத்த மாதிரியை அப்படியே பின்ன வேண்டும். இங்கே நாம் பார்க்கப்போகும் ஸ்வெட்டரில் மாதிரியைப் போடுபவரும் நீங்களே. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

ஏன் கழுத்திலிருந்து தொடங்க வேண்டும்?

வழக்கமான முறையில் முன்பாகம், பின்பாகம், இரு கைகள் ஆகியவற்றைக் கீழிருந்து மேலாகத் தனித்தனியே பின்னி, கடைசியில் தைத்துச் சேர்ப்பார்கள். அளவு தவறியது முடிவில்தான் தெரியும். கழுத்திலிருந்து கீழாகப் பின்னும்போது துணி முழுவதும் ஒரே துண்டாக வளர்கிறது. எந்த நேரத்திலும் கண்ணிகளை ஒரு நீண்ட நூலில் மாற்றிக்கொண்டு உடுத்திப் பார்க்கலாம். தையல் வேலை அநேகமாக இல்லை.

இன்னொரு பெரும் பயனும் உண்டு. பின்னிய துணி, கடைசியாகப் பின்னிய முனையிலிருந்துதான் எளிதில் பிரியும். இம்முறையில் கடைசி முனை கீழ் விளிம்பும் மணிக்கட்டும் ஆகும். ஆகவே பிள்ளை வளர்ந்ததும் அந்த விளிம்பை மட்டும் பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, இன்னும் 5 செ.மீ. பின்னிக்கொள்ளலாம். தேய்ந்துபோன மணிக்கட்டையும் இவ்வாறே புதுப்பிக்கலாம். அமெரிக்காவைச் சேர்ந்த பார்பரா வாக்கர் என்பவர் 1972-இல் இம்முறைக்கென்றே ஒரு நூல் எழுதிப் பரப்பினார்.

தேவையான பொருட்கள்

1. நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல் 500 முதல் 600 கிராம் வரை. இது பெரியவர் ஒருவருக்கான அளவு. முழுவதையும் ஒரே தடவையில், ஒரே சாயத் தொகுதி எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் சற்று மாறும்.

2. 4.5 மில்லிமீட்டர் வட்ட ஊசி ஒன்று. இரண்டு ஊசிகளை ஒரு மெல்லிய கம்பி இணைத்திருக்கும். ரிப் பின்னலுக்கு 4 மில்லிமீட்டர் வட்ட ஊசி ஒன்று.

3. கைகளுக்காக இதே இரு அளவுகளிலும் இருமுனை ஊசிகள்.

4. அடையாளத்துக்கு வேறு நிற நூலில் முடிந்த 4 சிறு வளையங்கள், அளவு நாடா, மொட்டை முனை கொண்ட தடித்த தையல் ஊசி.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. அக்ரிலிக் நூல் விலை குறைவு, துவைப்பதும் எளிது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியிலும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டிலும் வேலை செய்கிறவர்கள் அதை அணிவது ஆபத்து. கம்பளி எளிதில் பற்றிக்கொள்ளாது, கருகும், உருகாது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் ஈரமாகத் தோன்றாது. பனியில் நிற்பவருக்குக் கம்பளியே ஏற்றது. பருத்தி நூல் கனமானது. நாளடைவில் தொங்கி நீளும்.

முதல் வேலை: மாதிரித் துண்டு

நிட் என்னும் நேர்ப் பின்னலும், பர்ல் என்னும் மறுபின்னலும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறோம். 30 கண்ணி ஏற்றி, ஒரு வரி நேர், ஒரு வரி மறு என்று 15 செ.மீ. உயரம் பின்னுங்கள். அதை நனைத்து, உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரி என்று எண்ணுங்கள். மண் பரிசோதனை செய்யாமல் உரம் இடுவது போன்றதுதான் மாதிரித் துண்டு இல்லாமல் பின்னத் தொடங்குவது.

நமது எடுத்துக்காட்டில் 10 செ.மீ.-க்கு 20 கண்ணி, 28 வரி எனக் கொள்வோம். அதாவது 1 செ.மீ.-க்கு 2 கண்ணி, 2.8 வரி. உங்களுக்குக் கண்ணி மிகுதியாக வந்தால் சற்றுப் பெரிய ஊசியும், குறைவாக வந்தால் சற்றுச் சிறிய ஊசியும் எடுத்துப் பாருங்கள். அல்லது வந்த எண்ணையே வைத்துக் கீழ்க்காணும் கணக்கைப் போடுங்கள்.

கணக்கு

மார்பு 92 செ.மீ. உள்ள ஒருவருக்குப் பின்னுவதாகக் கொள்வோம். மூச்சு விடவும் கை வீசவும் 8 செ.மீ. தளர்வு வேண்டும். ஆகச் சுற்றளவு 100 செ.மீ., அதாவது 200 கண்ணி.

இதில் இரு அக்குளிலும் 6 கண்ணி வீதம் 12 கண்ணிகளைப் பின்னர் புதிதாக ஏற்றுவோம். மீதி 188. முன்பாகத்துக்கு 94, பின்பாகத்துக்கு 94.

பின் கழுத்தின் அகலம் 15 செ.மீ., அதாவது 30 கண்ணி. பின்பாகம் 30-லிருந்து 94-ஆக வளர வேண்டும். 64 கண்ணி கூட வேண்டும். ஒரு கூட்டல் வரியில் பக்கத்துக்கு ஒன்றாக 2 கண்ணி கூடும். ஆகவே 32 கூட்டல் வரிகள். ஒரு வரி விட்டு ஒரு வரி கூட்டுவதால் மொத்தம் 64 வரிகள், ஏறத்தாழ 23 செ.மீ. கழுத்திலிருந்து அக்குள் வரையுள்ள ஆழம் இதுவே. உங்கள் உடலில் இந்த ஆழம் கூடுதலாக இருந்தால், கூட்டல் முடிந்த பின் சில வரிகளைக் கூட்டாமல் பின்னிக்கொள்ளுங்கள்.

தோள் பகுதியில் கைக்கு 6 கண்ணி வீதம் தொடங்குகிறோம். அது 32 கூட்டல்களில் 70 ஆகும். அக்குளில் 6 சேர்ந்து 76, அதாவது மேற்கைச் சுற்றளவு 38 செ.மீ.

முன்பாகத்தின் ஒவ்வொரு பாதியும் 2 கண்ணியில் தொடங்கி 47-ஐ அடைய வேண்டும். தோள் சரிவில் 32 கூடும். மீதி 13 கண்ணிகளைக் கழுத்து விளிம்பில் கூட்ட வேண்டும். இந்த 13 கூட்டல்களே ‘வி’ வடிவத்தைத் தருகின்றன. 4 வரிக்கு ஒரு முறை கூட்டினால் 52 வரிகள், கழுத்தின் ஆழம் ஏறத்தாழ 18.5 செ.மீ. நெஞ்சுச் சளி உள்ள முதியவருக்கு ஆழம் குறைவாக வேண்டுமானால், சில கூட்டல்களை 2 வரிக்கு ஒரு முறை செய்யுங்கள்.

பின்னும் முறை

படி 1. மொத்தம் 46 கண்ணி ஏற்றுங்கள்: முன் 2, கை 6, பின் 30, கை 6, முன் 2. ஒவ்வொரு பகுதிக்கும் இடையே ஓர் அடையாள வளையத்தை ஊசியில் மாட்டுங்கள். உள்பக்கமாக ஒரு வரி மறுபின்னல் பின்னுங்கள். வட்ட ஊசியாயினும், ‘வி’ முடியும் வரை திருப்பித் திருப்பித்தான் பின்ன வேண்டும்.

படி 2. இப்போது வெளிப்பக்கம் உங்களை நோக்கி இருக்கும். இதுவே முதல் கூட்டல் வரி. நேர்ப் பின்னலில் செல்லும்போது, ஒவ்வொரு வளையத்துக்கும் முன்னுள்ள கண்ணியையும் பின்னுள்ள கண்ணியையும் இரண்டாக்குங்கள். ஒரே கண்ணியில் முன்புறம் ஒரு முறையும் பின்புறம் ஒரு முறையும் பின்னினால் ஒன்று இரண்டாகும். 4 வளையங்களில் 8 கண்ணி கூடி, 54 ஆகும். அடுத்த உள்பக்க வரி முழுவதும் மறுபின்னல்.

படி 3. இரண்டாவது கூட்டல் வரியிலும், அதன்பின் ஒன்று விட்டு ஒரு கூட்டல் வரியிலும், கழுத்து விளிம்பில் கூட்டுங்கள். முதல் கண்ணியைப் பின்னியதும், அதற்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே ஓடும் நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னுங்கள். வரியின் முடிவிலும் கடைசிக் கண்ணிக்கு முன் இவ்வாறே செய்யுங்கள். ஒவ்வொரு கூட்டலையும் ஒரு தாளில் கோடிட்டுக் குறித்துக்கொள்வது நலம்.

படி 4. 26 கூட்டல் வரிகள் முடிந்து 52 வரிகள் ஆனதும், முன்பாகத்தின் ஒவ்வொரு பாதியிலும் 41 கண்ணி இருக்கும். இப்போது இரு பாதிகளையும் ஊசியில் இணைத்து, சுற்றுச் சுற்றாகப் பின்னுங்கள். இனி எல்லாச் சுற்றும் நேர்ப் பின்னலே. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, வளையங்களில் மட்டும் 6 முறை கூட்டுங்கள். 12 சுற்றுகள் முடிந்ததும் மொத்தம் 328 கண்ணி இருக்க வேண்டும்: முன் 94, பின் 94, கைகள் 70 வீதம்.

படி 5. கண்ணிகளை நீண்ட நூலில் மாற்றி, உரியவருக்கு அணிவித்துப் பாருங்கள். இதுவே இம்முறையின் முக்கியமான கட்டம். சரிவுக் கோடு அக்குளை எட்டாவிட்டால் கூட்டாமல் இன்னும் சில சுற்றுகள் பின்னுங்கள். மார்பு இறுக்கமாக இருந்தால் இன்னும் ஓரிரு கூட்டல்கள் செய்யுங்கள்.

படி 6. பிரித்தல். ‘வி’ முனையிலிருந்து 47 கண்ணி பின்னுங்கள். கையின் 70 கண்ணியை வேறு நூலில் கோத்து ஒதுக்குங்கள். அக்குளுக்கு 6 கண்ணி புதிதாக ஏற்றுங்கள். பின்பாகத்தின் 94-ஐப் பின்னுங்கள். மறு கையையும் ஒதுக்கி, மேலும் 6 ஏற்றி, மீதி 47-ஐப் பின்னுங்கள். ஊசியில் இப்போது 200 கண்ணி. கூட்டாமல் குறைக்காமல் 35 செ.மீ. பின்னி, சிறிய ஊசிக்கு மாறி, 2 நேர், 2 மறு என்று 5 செ.மீ. ரிப் பின்னித் தளர்வாக மூடுங்கள்.

படி 7. கை. ஒதுக்கிய 70 கண்ணியை இருமுனை ஊசிகளில் ஏற்றி, அக்குளில் 6 கண்ணி எடுத்து 76 ஆக்குங்கள். 6 சுற்றுக்கு ஒரு முறை, அக்குள் நடுவின் இருபுறமும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். 16 முறை குறைத்தால் 44 கண்ணி. மேலும் 10 சுற்றுகள் பின்னினால் கை 38 செ.மீ. ஆகும். பிறகு 6 செ.மீ. ரிப். மறு கையும் இவ்வாறே.

படி 8. கழுத்துப் பட்டை. சிறிய ஊசியில், ‘வி’ முனையில் 1 கண்ணி, ஒவ்வொரு சாய்வு விளிம்பிலும் 4 வரிக்கு 3 வீதம் 39, தோள்களில் 6 வீதம், பின் கழுத்தில் 31, ஆக மொத்தம் 122 எடுங்கள். முனைக் கண்ணி எப்போதும் நேராக இருக்க, அதன் இருபுறமும் மறுவில் தொடங்கி, 1 நேர், 1 மறு என ரிப் பின்னுங்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, முனைக் கண்ணியோடு இருபக்கக் கண்ணிகளையும் சேர்த்து மூன்றை ஒன்றாக்குங்கள். 6 சுற்றுகளில் மூடுங்கள்.

பிள்ளைகளுக்கு

மார்பு 64 செ.மீ. உள்ள பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். தளர்வு 8 சேர்த்து 72 செ.மீ., 144 கண்ணி. அக்குளுக்கு 4 வீதம் 8 போக, முன் 68, பின் 68. பின் கழுத்து 26. கூட வேண்டியது 42, ஆகவே 21 கூட்டல் வரிகள், 42 வரிகள், 15 செ.மீ. அக்குள் ஆழம் 17 செ.மீ. வேண்டுமானால் 6 வரிகள் கூட்டாமல் பின்னுங்கள். கழுத்தில் கூட வேண்டியது 11. எல்லாவற்றையும் 4 வரிக்கு ஒன்றாகக் கூட்டினால் ‘வி’ பிள்ளைக்கு ஆழமாகிவிடும். முதல் 5-ஐ 4 வரிக்கு ஒன்றாகவும், மீதி 6-ஐ 2 வரிக்கு ஒன்றாகவும் கூட்டினால் 32 வரிகள், ஏறத்தாழ 11.5 செ.மீ. ஆழம் வரும். நீளத்தைப் பின்னர் கூட்டலாம். அகலத்தைக் கூட்ட இயலாது. ஆகவே அகலத்தில் தளர்வைத் தொடக்கத்திலேயே கொடுங்கள். அதே நூலில் 50 கிராம் எடுத்து வையுங்கள்.

பால் வெட்டுபவருக்கு

கையை மணிக்கட்டுக்கு 5 செ.மீ. மேலேயே முடியுங்கள். ரப்பர் பால் கம்பளியில் பட்டு உறைந்தால் போகாது. ‘வி’ கழுத்து, வெயில் ஏறும்போது உடல் வெப்பத்தை வெளியேற்ற உதவும். கை வேண்டாதவர்கள் ஒதுக்கிய கண்ணிகளில் 3 செ.மீ. ரிப் மட்டும் பின்னி மூடிவிடலாம்.

உழைப்பும் விலையும்

இந்த ஸ்வெட்டரில் ஏறத்தாழ 50,000 கண்ணிகள் உள்ளன. நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னுபவருக்கு 2,500 நிமிடம், அதாவது 42 மணி நேரம் ஆகும். நாளுக்கு 2 மணி நேரம் ஒதுக்கினால் 3 வாரம். கும்பப்பூ நடவு முடிந்து, ஐப்பசி மழையில் வீட்டில் இருக்கும் நாட்களில் தொடங்கினால் மார்கழிக்கு முன் முடித்துவிடலாம். ஆண்களும் கற்றுக்கொள்ளலாம்; மீன்வலை பின்னும் கைகளுக்கு இது கடினமன்று.

விற்பனைக்குப் பின்ன எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 42 மணி நேரம் என்பது 5 நாள் கூலிக்கும் அதிகம். உங்கள் ஊர்க் கூலியை 5-ஆல் பெருக்கி, நூல் விலையைக் கூட்டிப் பாருங்கள். லூதியானாவிலிருந்து வரும் இயந்திர ஸ்வெட்டரோடு விலையில் போட்டியிட உங்களால் இயலாது. ஆகவே நூலை வாங்கிக் குவித்து, பல ஸ்வெட்டர்களைப் பின்னிக் கடையில் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். கடன் வாங்கித் தொடங்கவும் வேண்டாம். ஆளைப் பார்த்து, அளவெடுத்து, நூல் பணத்தை முன்னதாகப் பெற்றுப் பின்னிக் கொடுங்கள். கடையில் அளவு கிடைக்காதவர்கள், ஒரு தோள் தாழ்ந்தவர்கள், கை குறைந்தவர்கள் இயந்திரத்தால் கவனிக்கப்படாதவர்கள். அவர்களே உங்கள் வாடிக்கையாளர்கள்.

பாதுகாப்பு

கம்பளியை வெந்நீரில் போடாதீர்கள், அடித்துத் துவைக்காதீர்கள். சுருங்கிக் கட்டியாகிவிடும். பூந்திக்கொட்டை ஊறிய குளிர்ந்த நீரில் மெல்ல அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி நீரை வடித்து, நிழலில் பாயின் மேல் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீளும். பனிக்காலம் முடிந்ததும் நன்றாகத் துவைத்து, முற்றிலும் உலர்த்தி, இறுக மூடும் பையிலோ பெட்டியிலோ வையுங்கள். வியர்வையும் அழுக்கும் உள்ள கம்பளியையே பூச்சி முதலில் அரிக்கும்.

முதல் முயற்சியாகப் பிள்ளைக்கான சிறிய அளவில் தொடங்குங்கள். நூலும் குறைவு, வேலையும் விரைவில் முடியும். தவறினால் பிரித்து மீண்டும் பின்னலாம், நூல் வீணாவதில்லை. அடுத்த ஆண்டு அதே ஸ்வெட்டரின் விளிம்பைப் பிரித்து நீட்டும்போது, இம்முறையின் அருமையை நீங்களே உணர்வீர்கள்.